நிவாரணத்தில் கை வைக்காதீர்கள்: நிதி அமைச்சகங்களுக்கு ஒரு திறந்த மடல்

நாட்டின் கஜானாச் சாவி கையில் இருக்கும் நிதி அமைச்சர்களுக்கும், செயலாளர்களுக்கும், கோப்பு எழுதும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பெருமந்தம் ஒன்று வந்து ஆலைகள் மூடி, லட்சக்கணக்கானோருக்கு வேலை போய், வரி வசூலும் விழும்போது உங்கள் வாயில் முதலில் வருவது சிக்கனம் என்ற சொல்தான். வருமானம் குறைந்தால் வீட்டில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஓட்டுகிறோமே, அரசும் அப்படித்தானே என்கிறீர்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வீடு செலவைக் குறைத்தால் அந்த வீட்டுக்கு வரும் சம்பளம் குறைவதில்லை. எல்லா வீடுகளும் எல்லா நிறுவனங்களும் ஒரே நேரத்தில் பணத்தை இறுக்கிப் பிடிக்கிறபோது கூடவே அரசும் பிடித்தால், ஒருவரின் செலவுதான் இன்னொருவரின் வருமானம் என்பதால் எல்லோருக்கும் வரவு சரிகிறது, அப்புறம் வரியும் சரிகிறது, எந்தப் பள்ளத்தை மூட வெட்டினீர்களோ அது இன்னும் ஆழமாகிறது.

ஜெர்மனியில் 1930 மார்ச்சில் ஆட்சித் தலைவரான ஹைன்ரிக் புரூனிங் இதைத்தான் செய்தார். அவசர ஆணைகள் போட்டு அரசு ஊழியர் சம்பளம், ஓய்வூதியம், வேலையில்லாதோர் உதவி என்று ஒவ்வொன்றாக வெட்டினார். 1931 டிசம்பரில் கூலியையே 1927 தொடக்கத்தில் இருந்த அளவுக்கு இறக்க ஆணை வந்தது. 1932 தொடக்கத்தில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 60 லட்சத்தைத் தொட்டது. 1928 தேர்தலில் 2.6 சதவீதம் வாங்கிய நாஜிக் கட்சி 1932 ஜூலையில் 37.3 சதவீதம் வாங்கியது. இதற்கு வேறு காரணங்களும் உண்டு. 1923 பணவீக்கத்தின் பயம் அந்த மக்களை விடவில்லை, முதல் உலகப் போரில் தோற்றதற்கான இழப்பீட்டுச் சுமையும் இருந்தது. ஆனாலும் பசியோடு நின்றவர்களின் கையில் இருந்த கொஞ்சத்தையும் பிடுங்கியது அரசுதான்.

பழைய கதை என்று தள்ள முடியாது. கிரேக்க நாடு 2010க்குப் பிறகு வெட்டு மேல் வெட்டாகப் போட்டது, பொருளாதாரம் ஏறக்குறைய கால் பங்கு சுருங்கியது, 2013இல் வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டியது. இத்தனைக்கும் பிறகு நாட்டின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிட்ட கடன் விகிதம் குறைந்ததா என்றால் ஏறித்தான் போனது. சிக்கனத்தால் வளர்ச்சி எவ்வளவு அடிபடும் என்பதை முன்கணிப்புகள் குறைத்தே மதிப்பிட்டிருந்தன என்று சர்வதேச நாணய நிதியத்தின் பொருளாதார வல்லுநர்களே 2013இல் எழுதினார்கள்.

சரி, நிவாரணம் கொடுத்தாலும் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பது இருக்கிறது. பிரிட்டனில் 1931இல் உதவித்தொகையைப் பத்து சதவீதம் வெட்டியதோடு, வீட்டு வருமானச் சோதனையும் கொண்டுவந்தார்கள். அதிகாரி வீட்டுக்குள் வந்து நாற்காலி மேஜையைப் பார்ப்பார், விற்கக்கூடியது எது என்று கணக்குப் போடுவார். மகன் நாலு காசு சம்பாதித்தால் அப்பாவின் தொகை குறையும். அப்பாவுக்காகவே வீட்டை விட்டுப் போய்த் தனியாகத் தங்கிய பிள்ளைகள் இருந்தார்கள். எனக்கும் வேலை போன ஒரு வருடம் உண்டு. உதவிக்கு விண்ணப்பித்துவிட்டு ஒரு கவுன்டர் முன்னால் நின்றேன், அந்த ஊழியர் என் வங்கிக் கணக்கு விவரத்தை வரி வரியாகப் பார்த்துவிட்டு ஒரு தொகையின் மேல் பேனாவை வைத்து, இது என்ன வருமானம் என்றார். நண்பனிடம் வாங்கிய கடன் அது. அதைச் சொல்ல, பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி பேச வேண்டியிருந்தது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை, படிவம் அப்படிக் கேட்கச் சொல்கிறது. அந்தப் படிவத்தை எழுதுவது உங்கள் அலுவலகம்.

வேறு மாதிரியும் செய்ய முடியும். 1933 நவம்பரில் அமெரிக்காவில் அரசின் நிவாரண நிர்வாகி ஹாரி ஹாப்கின்ஸ் பொறுப்பில் ஓர் அவசர வேலைத் திட்டம் தொடங்கியது, 1934 ஜனவரிக்குள் 40 லட்சம் பேருக்கு மேல் அதில் வேலை செய்தார்கள். இரண்டு மாதம்தான்! கணினி கிடையாது, ஆதாரம் கேட்டு அலையவிடவும் இல்லை, ஏறக்குறைய பாதிப் பேரை எந்த வறுமைச் சோதனையும் இல்லாமல் எடுத்தார்கள். சாலை போட்டார்கள், பள்ளிக் கட்டடங்களைப் பழுதுபார்த்தார்கள், கழிவுநீர்க் குழாய் பதித்தார்கள். கையில் வந்தது கூலி. அதைச் செலவழிக்க யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. செலவு கட்டுப்படியாகாது என்ற பயத்தில் சில மாதங்களிலேயே அதை மூடியது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அந்தப் பயம் மறுபடியும் வந்தது. 1937இல் நிலைமை தேறிவிட்டது என்று நினைத்து அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு செலவைச் சுருக்கியது, அதே நேரம் மத்திய வங்கியும் வங்கிகள் வைக்க வேண்டிய இருப்பைக் கூட்டிப் பிடியை இறுக்கியது. பொருளாதாரம் மறுபடி விழுந்தது. 1938 ஏப்ரலில் அதே ரூஸ்வெல்ட் மறுபடி செலவுக்குப் பணம் கேட்டு அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸிடம் போனார். காய்ச்சல் இறங்கும் முன்பே மருந்தை நிறுத்திய கதைதான்.

பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்நியச் செலாவணியில் கடன் வாங்கி, கையிருப்பும் தீர்ந்த நாட்டால் நினைத்தபடி செலவழிக்க முடியாது, அச்சடித்தால் விலைவாசி பறக்கும், அந்த அடியும் ஏழைக்கே விழும். அப்படிப்பட்ட நாடு கடன் கொடுத்தவர்களிடம் சீக்கிரமாகப் போய்த் தவணையையும் தொகையையும் குறைக்கக் கேட்க வேண்டும். கஜானா துடைத்தபடி ஆகும்வரை தவணை கட்டிவிட்டு, கடைசியில் மக்களிடம் கை விரிப்பதை விட அது மேல்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலையும் கூலி போய்ச் சேரும் வழியையும் மந்தம் வருவதற்கு முன்பே தயாராக வைத்திருங்கள். வேலை போனவரின் விண்ணப்பத்தில் முதலில் பணம், அப்புறம் சரிபார்ப்பு என்று விதியை மாற்றுங்கள். நிவாரணம் எப்போது முடியும் என்று எழுதும் பத்தியில் தேதி போடாதீர்கள், வேலையின்மை எந்த அளவுக்கு இறங்கினால் நிறுத்துவோம் என்ற எண்ணைப் போட்டுக் கையெழுத்திடுங்கள்.