தேய்க்கத் தெரியாமல் நுண்ணோக்கி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெட்டீரியல்ஸ் இன்ஜினீயரிங் துறையில் முதுநிலை ஆய்வும் முனைவர் பட்ட ஆய்வும் செய்வது பற்றித் தங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஓர் அணுத் தடிமனே உள்ள கரித் தாளான கிராஃபீன், தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் மீக்கடத்தி, செயற்கை நுண்ணறிவு கண்டுபிடித்துத் தரப்போகும் உலோகக்கலவைகள் என்று ஒரே திருவிழாக் கோலம். குறை சொல்வதற்காக எழுதவில்லை என்றெல்லாம் பூசி மெழுக மாட்டேன். குறை சொல்லத்தான் எழுதுகிறேன். உலோக மாதிரிகளைத் தயாரித்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கும் ஆய்வகம் ஒன்று நெடுங்காலமாக என் பொறுப்பில் இருக்கிறது. அங்குள்ள ஆய்வு மாணவர் எவரும் என் அறையைத் தாண்டாமல் ஆய்வேடு எழுதிவிட முடியாது. அவர்கள் அன்றாடம் என்ன செய்கிறார்கள் என்று அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

தேய்க்கிறார்கள், ஐயா. எஃகுத் துண்டை வெட்டி, பேக்கலைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் பதித்து, சிலிக்கான் கார்பைடு உப்புத்தாளில் 220, 400, 800, 1200 என்று (எண் கூடக்கூடத் தாள் நைசாகும்) வரிசையாகத் தேய்க்கிறார்கள். தாள் மாறும்போதெல்லாம் மாதிரியை 90 டிகிரி திருப்பிப் பிடிக்க வேண்டும். முந்தைய தாள் போட்ட கீறல் அடியோடு மறையும்வரை அடுத்ததற்குப் போகக் கூடாது. பிறகு 3 மைக்ரான் வைரப் பசை, அதன்பின் 1 மைக்ரான். கடைசியாக, எத்தனாலில் 2 சதவீதம் நைட்ரிக் அமிலம் கலந்த நைட்டால் கரைசலில் சில விநாடிகள். அப்போதுதான் படிகங்களின் எல்லைக்கோடுகள் கண்ணுக்குத் தெரியும். சற்றுக் கூடுதலாக வைத்துவிட்டால் பரப்பு கறுத்துப்போகும். மறுபடியும் தாளுக்கே வர வேண்டியதுதான்.

இதெல்லாம் எடுபிடி வேலை, உதவியாளர் பார்த்துக்கொள்வார் என்று நினைக்கும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அலுமினியம் மென்மையானது. அழுத்தித் தேய்த்தால் தாளிலிருந்து உதிரும் கார்பைடு துணுக்கு அதற்குள் போய்ப் பதிந்துகொள்ளும். நுண்ணோக்கியில் பார்த்தால், கலவைக்குள்ளேயே உருவான புதிய ஃபேஸ், அதாவது தனி அமைப்புள்ள பகுதி, போல இருக்கும். பகுப்பாய்வுக் கருவியும் சிலிக்கான் என்று உறுதி சொல்லும். கலவையிலும் கொஞ்சம் சிலிக்கான் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், கட்டுரைக்குத் தலைப்பே தயாராகிவிடும். பீங்கான் வகையான செராமிக் என்றால் தொல்லை வேறு மாதிரி. தேய்க்கும்போது துகள்கள் பிடுங்கிக்கொண்டு போய்க் குழி விழும். அந்தக் குழிகளைத் தயாரிப்பிலேயே இருந்த துளைகள் என்று எண்ணி, பக்கம் பக்கமாக விளக்கம் எழுதிய ஆய்வேடு ஒன்று என் மேசைக்கு வந்திருக்கிறது. ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி துண்டைத் தண்ணீரில் எடை போட்டுப் பார்த்திருந்தால் அடர்த்தி தெரிந்திருக்கும், உள்ளே துளை இல்லை என்பதும் விளங்கியிருக்கும், அத்தனை பக்கமும் மிச்சமாகியிருக்கும்.

2023 ஜூலையில் எல்கே-99 என்ற பொருள் செய்த ஆர்ப்பாட்டம் தங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஈயம், செம்பு, பாஸ்பரஸ், ஆக்சிஜன் சேர்ந்த அந்தப் பொருள் அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தியாகிறது என்று தென்கொரியக் குழு ஒன்று அறிவித்தது. ஏறத்தாழ 104 டிகிரி செல்சியஸில் அதன் மின்தடை சட்டென்று விழுவதை ஆதாரமாகக் காட்டினார்கள். அதைத் தயாரிக்கும்போது உடன் உண்டாகும் செம்புச் சல்பைடு என்ற கலப்பும் அதே வெப்பநிலையில்தான் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்கிறது, மின்தடையும் அங்கேதான் குறைகிறது. ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தினர் கலப்பே இல்லாத ஒற்றைப் படிகங்களை வளர்த்துக் காட்டினார்கள். ஊதா நிறத்தில் ஒளி ஊடுருவும் அந்தப் படிகம் மீக்கடத்தி அல்ல, மின்சாரத்தைத் தடுக்கும் காப்புப்பொருள். சில வாரங்களில் கூச்சல் அடங்கியது. உலகமே பேசிய ஒரு கேள்வியை முடித்துவைத்தது, “கையில் இருக்கும் துண்டு சுத்தமானதுதானா?” என்று பார்த்த பொறுமை. கட்டுரையாளர் மீக்கடத்தியைப் பற்றி எழுதும்போது இதையும் இரண்டு வரி சேர்த்திருக்கலாம்.

காலக்கணக்கும் அந்தக் கட்டுரையில் இல்லை. திரும்பத் திரும்ப விசை ஏற்றி இறக்கினால் உலோகம் எப்போது விரிசல் விடும் என்று சோதிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 20 முறை என்று ஓட்டினால் ஒரு கோடி சுற்று முடிய 5 லட்சம் விநாடி, கிட்டத்தட்ட ஆறு நாள். அத்தனை நாள் ஓடினாலும் வரைபடத்தில் கிடைப்பது ஒரே ஒரு புள்ளி. கோடு போட வேண்டுமானால் வெவ்வேறு விசைகளில், ஒவ்வொன்றிலும் பல துண்டுகளைச் சோதிக்க வேண்டும். எந்திரமோ ஒன்றுதான், அதற்கு முன்னால் வரிசை. உயர் வெப்பத்தில் உலோகம் மெல்ல மெல்ல நீளும் ‘க்ரீப்’ சோதனை இதைவிட மோசம். மின் உற்பத்தி நிலையக் குழாய்களுக்கு ஒரு லட்சம் மணி நேரத்துக்கான வலிமை கேட்பார்கள்; அது 11 ஆண்டுக்கும் மேல். ஆகவே மாணவர்கள் இன்னும் கூடுதல் வெப்பத்தில் குறைந்த நேரம் சோதித்து, லார்சன்-மில்லர் கணக்கின் வழியாக நீண்ட காலத்தை ஊகிக்கிறார்கள். அது தவறில்லை. ஊகம் என்பதை ஆய்வேட்டில் வெளிப்படையாகச் சொன்னால் போதும்.

விளங்காத முடிவு கிடைத்துவிட்டால் பட்டமே போயிற்று என்று பதறுகிறவர்களிடம் நான் ஜெர்மன் உலோகவியலாளர் ஆல்ஃபிரட் வில்ம் பற்றிச் சொல்வதுண்டு. 1906இல் அவர் செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கித் திடீரென்று குளிர்வித்துச் சோதித்தார். சில நாள் கழித்துப் பார்த்தால், சும்மா கிடந்த துண்டு முன்பைவிடக் கடினமாகியிருந்தது. காரணம் அவருக்குத் தெரியாது. உள்ளே செம்பு அணுக்கள் நுண்ணிய தட்டுகளாகத் திரள்வதை எக்ஸ் கதிர் மூலம் கினியே, பிரெஸ்டன் என்ற இரு ஆய்வாளர்கள் தனித்தனியே கண்டு சொன்னது 1938இல்தான். அதற்குள் அந்த வகைக் கலவையில் விமானங்களே பறந்துகொண்டிருந்தன!

கணினி வேலையை நான் இகழவில்லை. ஆயிரம் கலவைகளில் எதை முதலில் உருக்கலாம் என்று அது சொன்னால் எங்களுக்கும் மிச்சம்தான். உருக்கி வார்த்து வந்த துண்டு அந்தக் கலவைதானா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டுமே!

சேர நினைப்பவர்கள் பொருளின் பெயரில் மயங்க வேண்டாம். கேள்வி என்ன என்று நெறியாளரைக் கேளுங்கள். எந்தக் கருவி ஆய்வகத்திலேயே இருக்கிறது, எதற்கு வெளியே போய்க் காத்திருக்க வேண்டும், புதியவருக்குக் கருவியைத் தொட எப்போது அனுமதி என்று கேளுங்கள். இதையெல்லாம் அவரைவிட அங்கே மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவர் தெளிவாகச் சொல்வார். இயற்பியல், வேதியியல், இயந்திரவியல் படித்தவர்களும் இத்துறைக்கு வருகிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். கட்டுரை அவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை.

அடுத்த முறை இந்தத் துறையைப் பற்றி எழுதும்போது ஆய்வின் நடுவில் இருக்கும் ஒருவரையும், பாதியில் நிறுத்திவிட்டுப் போன ஒருவரையும் தங்கள் நிருபர் சந்திக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பேராசிரியர்களின் பேட்டி ஏற்கெனவே போதுமான அளவு வந்துவிட்டது.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத நுண்ணோக்கி ஆய்வகப் பொறுப்பாளர்