அன்றைக்கு வண்டி ரிப்பேர் இல்லை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. புது வேலை பிடித்துப்போனது, பையனுக்குப் பரீட்சை முடிந்தது, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது, எல்லாம் படித்து நிம்மதியாக இருந்தது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். அம்மா விஷயத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அப்புறம் எத்தனை தடவை உட்கார்ந்தாலும் அதே இடத்தில்தான் நிற்கிறது. இன்றைக்கு எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பது என்று இருக்கிறேன்.

முதலில் என் சேதி. குடியை விட்டு 16 மாதம் ஆகிவிட்டது. முதல் ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்தேன். தினமும் குடித்துப் பழகிய உடம்பு, வீட்டில் தனியாக இருந்துகொண்டு சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று டாக்டர் சொன்னார். உனக்குத் தெரிந்த யாராவது நிறுத்தப்போவதாகச் சொன்னால் இதை மறக்காமல் சொல். மாத்திரை கொடுத்தார்கள், பி1 வைட்டமின் ஊசி போட்டார்கள். கை நடுக்கம் நின்ற நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். உடம்பைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

வாரம் மூன்று நாள் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகிறேன். குடியை விட நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் இடம் அது. அங்கே 12 படிகள் உண்டு. எட்டாவது படி, நம் குடியால் பாதிக்கப்பட்ட எல்லோரையும் பட்டியல் போடுவது. ஒன்பதாவது, அவர்களிடம் நேரில் போய் ஈடுசெய்வது, ஆனால் அப்படிச் செய்வதால் அவர்களுக்கோ மற்றவர்களுக்கோ கெடுதல் வரும் என்றால் செய்யக் கூடாது. இந்த "ஆனால்" எவ்வளவு கனமானது என்று போகப் போகத்தான் புரிந்தது.

குடியை விட்ட முதல் மாதமே உன்னையும் சேர்த்து இருபது பேருக்கு "எல்லாத்துக்கும் மன்னிச்சிடு" என்று ஒற்றை வரி அனுப்பினேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ பதில் போடவில்லை. அப்போது வருத்தமாக இருந்தது. இப்போது யோசித்தால் நீ செய்தது சரி. எல்லாத்துக்கும் என்றால் எதற்கு? குடித்துக்கொண்டிருந்த காலத்திலும் மறுநாள் காலையில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு என் மனைவிக்குச் சலித்துப்போய் பல வருஷம் ஆகிறது.

அவளிடம் நான் செய்த இன்னொரு தப்பையும் சொல்கிறேன். பட்டியல் போடும்போது பல ராத்திரிகள் வெறுமையாக இருந்தன. அளவுக்கு மீறிக் குடித்தால் மூளையில் அந்த நேரத்து ஞாபகம் பதிவே ஆகாதாம். ஆள் நடப்பான், பேசுவான், சண்டை போடுவான், ஆனால் மறுநாள் தேடினால் உள்ளே எதுவும் இருக்காது, ஏனென்றால் எதுவும் எழுதப்படவே இல்லை. சரி, அவளுக்குத் தெரியுமே என்று நோட்டை எடுத்துக்கொண்டு போய், எந்த ராத்திரி என்ன செய்தேன் சொல் என்று கேட்டேன். நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அதையெல்லாம் மறக்கத்தான் இவ்வளவு நாளா பாடுபட்டுட்டு இருக்கேன், உனக்காக மறுபடியும் ஞாபகப்படுத்திக்கணுமா?" என்று கேட்டாள். அன்றோடு நோட்டை மூடினேன். அவளிடம் இனிமேல் கேட்பதற்கு ஒன்றும் இல்லை, செய்வதற்குத்தான் இருக்கிறது. சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வருகிறேன். சம்பளம் முழுசாக அவள் கைக்குப் போகிறது. சின்னவள் இன்னமும் நான் தண்ணீர் குடித்துவிட்டு வைத்த டம்ளரை, நான் பார்க்காத நேரமாகப் பார்த்து எடுத்து மூக்கருகே கொண்டுபோகிறாள். முதல் தடவை கண்ணில் பட்டபோது நெஞ்சை அடைத்துவிட்டது. இப்போதெல்லாம் டம்ளரை அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறேன். எத்தனை நாள் வேண்டுமோ பார்த்துக்கொள்ளட்டும்.

அக்காவிடம் வாங்கிய கடனை மாதாமாதம் திருப்பிக் கொடுக்கிறேன். அண்ணன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அது அவர் உரிமை, நான் ஈடுசெய்ய வந்தேன் என்பதற்காக அவர் கதவைத் திறக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நான் போகும் இந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தை 1935-இல் ஆரம்பித்த இரண்டு பேரில் ஒருவர் பாப் ஸ்மித், அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் அறுவை சிகிச்சை டாக்டர். குடியை நிறுத்தியும், வெளியே சொன்னால் தொழில் போய்விடும் என்று பயந்து யாரிடமும் வாய் திறக்காமல் இருந்தார். வெளியூர் போன இடத்தில் மறுபடி குடித்துவிட்டார். அதற்குப் பிறகு ஒருநாள், யாரையெல்லாம் பார்க்கப் பயந்தாரோ அவர்களிடமெல்லாம் வரிசையாகப் போய் உள்ளதைச் சொல்லிவிட்டு வீடு திரும்பினார். 1950-இல் சாகும்வரை திரும்பக் குடிக்கவில்லை. இதைக் கூட்டத்தில் கேட்ட அன்றைக்கு உன் அம்மா முகம்தான் முன்னால் வந்தது.

ஐந்து வருஷம் முன்னால் நீ வெளியூரில் இருந்தாய். அம்மாவை ஸ்கேனுக்குக் கூட்டிப்போகும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தாய். காலை ஒன்பது மணிக்கு வருகிறேன் என்று சொன்னவன் ஒரு மணிக்குப் போனேன். வண்டி ரிப்பேர் என்று உன்னிடமும் சொன்னேன், அவரிடமும் சொன்னேன். வண்டி நன்றாகத்தான் இருந்தது. நான்தான் எழுந்திருக்கும் நிலையில் இல்லை. நான் போனபோது வாசல் நாற்காலியில், வெளியே கிளம்பும் புடவையோடு, பழைய ரிப்போர்ட் வைத்த பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஸ்கேனுக்காக வெறும் வயிறு. "வெயில்ல வண்டியத் தள்ளிட்டு வந்தியாப்பா?" என்று கேட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நானும் வாங்கிக் குடித்தேன். அன்றைக்கு ஸ்கேன் எடுக்க முடியாமல், அடுத்த வாரம் நீ லீவு போட்டு வந்து கூட்டிப்போனாய்.

நேரே அவர் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் துடித்தேன். என் ஸ்பான்சர், அதாவது கூட்டத்தில் எனக்கு வழிகாட்டும் மூத்தவர், ஒரே கேள்விதான் கேட்டார்: "சொன்னா யாருக்குப் பாரம் குறையும், உனக்கா, அந்தம்மாவுக்கா?" என்னிடம் பதில் இல்லை. உன் அம்மா என்னை நம்பினார், அந்த நம்பிக்கையை இந்த வயதில் உடைப்பது நல்லதா, பொய்யை அப்படியே விட்டுவைப்பதா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் உன்னிடம் மறைப்பதற்கு அப்படி ஒரு காரணமும் கிடையாது. நீ என்னை நம்பி அவரை ஒப்படைத்தாய், நான் உன்னை ஏமாற்றினேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இந்தத் தடவை எதற்கு என்று தெரிந்து கேட்கிறேன்.

அம்மாவிடம் நான் சொல்லலாமா வேண்டாமா என்று நீ சொல். மகன் நீதான். சொல்ல வேண்டாம் என்றால் சொல்ல மாட்டேன். நான் அவரைப் பார்க்கவே வேண்டாம் என்று உனக்குத் தோன்றினாலும் சரி. கோபம் வந்தால் கோபமாகவே எழுது, அடக்கிக்கொள்ளாதே. பதில் எழுத நாளாகும் என்றால் நாளாகட்டும்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு செக்கப்புக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கும், புது வேலையில் உடனே லீவு கிடைக்காது என்று எழுதியிருந்தாய். நீ சரி என்று சொன்னால் நான் கூட்டிப்போகிறேன். ஒன்பது மணி என்றால் எட்டரைக்கே அந்த வாசலில் இருப்பேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்