எந்தக் காட்டிலும் இறக்கிவிட முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், எஞ்சின் இல்லாத விமானமான கிளைடர் பற்றிய கட்டுரையில் ஒரு வரி: "கொங்குச் சீமை சமவெளி என்பதால், மேலேற்றும் வெப்பக்காற்று கிடைக்காவிட்டாலும் எந்தக் காட்டிலும் இறக்கிவிடலாம்." காடு என்றால் நம் பக்கம் விவசாய நிலம். இதைப் படித்து மனம் ஆறவில்லை.

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டை, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தை, தாங்கள் அறியாதவரல்ல. மேலிருந்து பார்த்தால் பச்சைப் புல்வெளி. கிட்டே வந்தால் சுற்றிலும் கிளுவை வேலி, அங்கங்கே வெள்வேல மரம், அதன் நிழலில் மாடு. நாலு ஏக்கர் சதுரக் காடு என்றால் ஒரு பக்கம் சுமார் 127 மீட்டர்தான். ஓரத்தில் 15 மீட்டர் தென்னை நின்றால், அதைத் தாண்டி வரும் கிளைடருக்கு மர உயரத்தைப் போலப் பத்து மடங்கு, அதாவது 150 மீட்டர், வீணாகும் என்பது விமானிகளின் கணக்கு. சக்கரம் மண்ணைத் தொடும் முன்பே காடு முடிந்துவிடும்.

பெரிய காடு கிடைத்தாலும் ஆளுயரச் சோளத்தட்டு நிற்கக் கூடாது. ஒரு இறக்கையின் நுனி தட்டில் மாட்டினால் கிளைடர் அப்படியே சுழன்று வால் முறியும். உழுத காடென்றால் சால் போகும் திசையில்தான் இறங்க வேண்டும். சரிவிருந்தால் மேட்டை நோக்கியே இறங்க வேண்டும், ஆனால் உயரத்திலிருந்து சரிவு கண்ணுக்குத் தெரியாது. கம்பியும் தெரியாது. கம்பத்தைத் தேடிப் பார்த்து, இரண்டு கம்பத்துக்கு நடுவே கம்பி ஓடுகிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். நம் தோட்டங்களில் கிணற்றுக்குக் கிணறு மோட்டார், மோட்டாருக்கு மோட்டார் லைன். போதாததற்குப் புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் மின்தடம். காட்டுக்குள் உயர்மின் கோபுரம் வேண்டாமென்று உழவர்கள் போராடியபோது தங்கள் நாளிதழ் அதை உள்பக்கத்தில் நாலு வரியில் முடித்ததையும் நாங்கள் மறக்கவில்லை.

கட்டுரை விட்டுவிட்டது இன்னொன்று. 2000 அடிக்கு இறங்குவதற்குள் பகுதியையும், 1500 அடிக்குள் காட்டையும் தேர்ந்துவிட வேண்டும். 1000 அடியில் இறங்கும் சுற்றைத் தொடங்கிவிட வேண்டும்; அதன்பின் வெப்பக்காற்றைத் தேடி அலையக் கூடாது. இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று தாமதித்தவர் தாழ்வான உயரத்தில், குறைந்த வேகத்தில் அவசரமாகத் திரும்புவார். உள்பக்க இறக்கை தூக்குவிசையை இழக்கும், கிளைடர் சுழன்று விழும். மீட்டெடுக்க உயரம் இராது. 1896-இல் கிளைடர் பறத்தலின் முன்னோடியான ஜெர்மானியர் ஓட்டோ லிலியந்தாலின் கிளைடரும் வேகமிழந்துதான் சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தது. மறுநாள் அவர் இறந்தார். நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது, இன்றும் அதே காரணத்தால் ஆட்கள் சாகிறார்கள்.

எஞ்சினே இல்லாத கிளைடர் "இயந்திரக் கோளாறால் விழுந்தது" என்று முன்பு எழுதினீர்கள். துணிச் சிறகில் தொங்கிப் பறக்கும் பாராகிளைடரையும் கிளைடரையும் ஒன்றாகவே அச்சிடுகிறீர்கள். 2025 ஜனவரியில் பொள்ளாச்சி பலூன் பாலக்காட்டு வயலில் இறங்கியதற்கு "திசை தவறியது" என்று தலைப்பிட்டீர்கள். பலூன் காற்று போகும் பக்கம்தான் போகும், தோதான வயல் பார்த்து இறங்குவது அதற்கு வழக்கம். இறங்கியதை விழுந்தது என்கிறீர்கள். விழ வைக்கும் யோசனையை இறங்கும் வழி என்கிறீர்கள். இத்தனை ஆண்டு வாசகர்களுக்கு இது வருத்தமாக இருக்கிறது, ஐயா.

அந்த ஒரு வரிக்கு அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
வாசகர், காங்கேயம்