பெற்றோர்களுக்கு: இந்தத் தவணையும் நம் சனிக்கிழமைத் தீவுப் பயணமும்

அன்பார்ந்த பெற்றோர்களே, வணக்கம்.

இந்தத் தவணை நல்லபடியாக முடியப் போகிறது. திருக்குறள் மனனப் போட்டியிலும் சதுரங்கத்திலும் நம் மாணவர்கள் பரிசு வாங்கி வந்திருக்கிறார்கள். விளையாட்டுப் போட்டி மழைத் தூறலுக்கு நடுவிலும் சிறப்பாக நடந்தது. அன்று கூடாரம் போட்டு, தண்ணீர்ப் பந்தல் வைத்து உதவிய பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு நன்றி. நூலகத்துக்குப் புது அலமாரிகள் வந்துவிட்டன. சிற்றுண்டிச்சாலைக் கூரை இப்போது ஒழுகுவதில்லை. தேர்ச்சி அறிக்கை வாங்க வர வேண்டிய நாளை வகுப்பாசிரியர்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் தெரிவிப்பார்கள்.

அப்புறம், சனிக்கிழமைத் தீவுப் பயணம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஆண்டு நான்கு, ஐந்து மாணவர்களுக்காக இதைத் தொடங்கினோம். ஒரு வேன், பன்னிரண்டு பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள். காலையில் புறப்பட்டு, பினாங்குத் தீவின் பத்து ஃபெரிங்கி, தெலுக் பஹாங் வழியாக மலைப்பாதையில் ஏறி, தித்தி கெராவாங் தாண்டி பாலிக் பூலாவில் இறங்குகிறோம். வயல்களையும் கம்பங்களையும் (மலாய்க் கிராமங்களையும்) பார்த்துவிட்டு, பூலாவ் பெத்தோங், தெலுக் கும்பார் பக்கமாகத் தீவைச் சுற்றிக்கொண்டு மாலையில் பள்ளிக்குத் திரும்புகிறோம். ஏறக்குறைய முந்நூறு சதுர கிலோமீட்டர்தான் இந்தத் தீவு. ஆனாலும் நம் பிள்ளைகளில் பாதிப்பேர் மலைக்கு அந்தப் பக்கம் போனதே இல்லை. பினாங்கு மலையையும் அதைச் சேர்ந்த காடுகளையும் யுனெஸ்கோ 2021இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அந்தக் காட்டின் ஓரத்தில்தான் நாம் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய நம் தாத்தா பாட்டிகள் எந்தப் பறவை எந்த நேரத்தில் கத்தும் என்று சொல்வார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அதில் கொஞ்சமாவது தெரியட்டும் என்பதுதான் என் ஆசை.

இரண்டு பயணங்கள் முடிந்துவிட்டன. இரண்டிலும் வேனுக்குப் பின்னால் பெற்றோர்களின் கார்கள் வந்தன. முதல் முறை மூன்று, இரண்டாம் முறை ஏழு. இதை எழுதக் காரணம் அதுதான்.

யாருடைய மனத்தையும் புண்படுத்த நான் எழுதவில்லை. பிள்ளைமேல் உள்ள பாசத்தால்தான் வந்தீர்கள். ஆனால் நீங்கள் வந்தபோது என்ன நடந்தது என்பதைக் காருக்குள் இருந்தவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. இரண்டாவது பயணத்தில் நானும் வேனில் இருந்தேன். நான் கண்டதைச் சொல்கிறேன்.

தெலுக் பஹாங்கில் சாலைக்கு மேலே, மரத்துக்கு மரம் ஒரு பாலம் கட்டியிருக்கிறார்கள். பழைய தீயணைப்புக் குழாய்களை முறுக்கிச் செய்தது. சாலையைக் கடக்கும்போது லோத்தோங் மந்திகள் வண்டியில் அடிபட்டுச் சாவதைத் தடுக்க, லங்கூர் புராஜெக்ட் பினாங்கு குழுவினர் 2019இல் கட்டியது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருஞ்சாம்பல் மந்தி அது. அதன் குட்டி மட்டும் பொன்னிறமாகப் பிறக்கும். சில மாதங்களில் நிறம் மாறித் தாயைப் போல ஆகிவிடும். பிள்ளைகள் இதை வகுப்பில் படித்துவிட்டு வந்திருந்தார்கள். பன்னிரண்டு பேரும் சாலையோரப் புல்லில் உட்கார்ந்து, இருபது நிமிடம் வாய் திறக்காமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் ஐந்து நிமிடம் அசையாமல் உட்காராத ஒரு பையன், முழங்காலைக் கட்டிக்கொண்டு மூச்சைக்கூட மெதுவாக விட்டான். இலை அசைந்தது. ஒரு தாய் மந்தி கிளை நுனிக்கு வந்தது. வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது, மஞ்சள் துணியைச் சுற்றிக் கட்டியது போல. என் பக்கத்தில் இருந்த சிறுமி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

அப்போதுதான் கார்கள் வந்து நின்றன. கதவுகள் படார் படார் என்று சாத்தப்பட்டன. "இங்க பாரு, இங்க பாரு, போட்டோ எடுக்கிறேன்" என்று குரல்கள் கேட்டன. பிள்ளைகள் திரும்பினார்கள். மறுபடி மேலே பார்த்தபோது கிளை மட்டும்தான் ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பையன் அழவில்லை. "சார், அது திரும்ப வருமா?" என்று கேட்டான். அரைமணி நேரம் காத்திருந்தோம். வரவில்லை.

ஏன் பன்னிரண்டு பேர் மட்டும் என்று பலர் கேட்டீர்கள். பெரிய பேருந்து எடுத்தால் எல்லாரும் ஒரே நாளில் போகலாம், செலவும் குறையும் என்றீர்கள். இதனால்தான் வேண்டாம் என்கிறேன். பன்னிரண்டு பேர் சேர்ந்து அமைதியாக இருக்கலாம், நாற்பது பேரால் முடியாது. ஆசிரியை மெல்லப் பேசினாலே பன்னிரண்டு பேருக்கும் கேட்கும். ஒரு கம்பத்து வீட்டு வாசலில் பன்னிரண்டு பேர் போய் நின்றால் விருந்தாளிகள். நாற்பது பேர் போனால் அந்த வீட்டுக்காரர் என்ன செய்வார்? ஏழு கார்கள் பின்னால் வந்தால் சின்னக் குழு என்பதற்கே அர்த்தமில்லாமல் போகிறது.

அடுத்தது உணவு. தித்தி கெராவாங் பக்கம் வேனை நிறுத்தினோம். அங்கே குரங்குக் கூட்டம் இருந்தது. தண்ணீர்மலை அடிவாரத்திலும் தாவரவியல் பூங்காவிலும் நாம் அன்றாடம் பார்க்கும் அதே நீண்டவால் குரங்குகள். பின்னால் வந்த காரிலிருந்து ஒருவர் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து, தம் பிள்ளை கையில் கொடுத்து, குரங்குக்குப் போடச் சொன்னார். பொட்டலம் சரசரத்த சத்தத்துக்கே நாலைந்து குரங்குகள் இறங்கி வந்துவிட்டன. பெரிய ஆண் குரங்கு ஒன்று, முறுக்கு வைத்திருந்த பிள்ளையை விட்டுவிட்டு, பக்கத்தில் சும்மா நின்ற ஆண்டு நான்கு மாணவியின் தோளில் பாய்ந்து அவளுடைய பையை இழுத்தது. மணிக்கட்டில் இரண்டு கீறல். உடனே கிளினிக்குக்கு அழைத்துப் போய், காயத்தைக் கழுவி ஊசி போட்டோம். இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் அன்று மாலை வரைக்கும் பையைத் தோளில் மாட்டாமல் மார்போடு அணைத்துக்கொண்டே நடந்தாள்.

வாயில்லா ஜீவனுக்கு ஒரு வாய் கொடுப்பது புண்ணியம் என்று வளர்ந்தவர்கள் நாம். எனக்கும் என் பாட்டி அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனால் காட்டில் அந்தக் குரங்குக்கு இலை, பழம், பூச்சி, நண்டு என்று சாப்பாடு இருக்கிறது. நாம் முறுக்கைப் போட்டதும் அது ஒன்றைக் கற்றுக்கொள்கிறது: பை என்றால் சாப்பாடு. அடுத்த முறை பள்ளிப் பையைப் பார்த்தாலும் பாயும், கடைக்குப் போய்வரும் பாட்டியின் கைப்பையைப் பார்த்தாலும் பாயும். புகார் போகும். வனவிலங்குத் துறை கூண்டு வைத்துப் பிடிக்கும். புண்ணியம் என்று கொடுத்த தீனி கடைசியில் அதன் உயிருக்கே வினையாகிறது. எங்கு பார்த்தாலும் இருக்கிறதே என்று நாம் நினைக்கும் இந்த இனத்தை, உலக அளவில் அழியும் ஆபத்தில் இருப்பதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2022இல் பட்டியலிட்டது. லோத்தோங் மந்திக்கோ இலையைச் செரிப்பதற்கென்றே அமைந்த வயிறு. ரொட்டியும் இனிப்பும் அதற்கு நோய்தான்.

மூன்றாவதாக ஒன்று. இதை எழுதவே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. பாலிக் பூலாவில் ஒரு மக்சிக் (வயதான மலாய் அம்மா) தம் ஜாதிக்காய்த் தோட்டத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டார். காசு எதுவும் வாங்கவில்லை. ஒரு பழத்தைக் கத்தியால் பிளந்து காட்டினார். வெளிறிய சதை, உள்ளே கறுப்பாகப் பளபளக்கும் கொட்டை, அதைச் சுற்றிச் சிவப்பு வலை பின்னியது போல ஜாதிபத்திரி. எங்கள் மாணவி ஒருத்தி மோந்து பார்த்துவிட்டு, "இதைத்தான் எங்க பாட்டி உரசித் தம்பிக்குக் குடுப்பாங்க" என்றாள். ஆசிரியை மலாயில் சொன்னதும் மக்சிக்குக்கு அவ்வளவு சந்தோஷம். தம் பேரனுக்குத் தாம் செய்யும் வைத்தியத்தைச் சொன்னார். இரண்டு பாட்டிகளின் மருந்துப் பெட்டியிலும் ஒரே காய்.

அந்த நேரத்தில் பின்னால் வந்த கார்கள் அவருடைய முற்றத்துக்குள் நுழைந்தன. முற்றத்தில் பாய் விரித்து ஜாதிபத்திரி காயப்போட்டிருந்தார். ஒரு காரின் சக்கரம் பாயின் மேல் ஏறி இறங்கியது. ஓட்டியவர் கவனிக்கவே இல்லை. மக்சிக் குனிந்து, நசுங்கியதை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, "தாக் ஆப்பா, சிக்கு" (பரவாயில்லை, ஆசிரியரே) என்றார். அவர் அப்படிச் சொன்னாலும் எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை. மறுநாள் நானும் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். ஜாதிக்காய்த் தண்ணீர் கொடுத்து உபசரித்துத்தான் அனுப்பினார்.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இனி வேனுக்குப் பின்னால் ஒரு கார் வந்தாலும், வேன் அந்த இடத்திலேயே திரும்பிப் பள்ளிக்கு வந்துவிடும். யாருடைய கார் என்று பார்க்க மாட்டோம், யாருக்கும் விலக்கு இல்லை. விலங்குகளுக்குப் போடத் தீனி கொடுத்தனுப்பினால், அந்தப் பிள்ளை அடுத்த பயணத்துக்குச் சேர்த்துக்கொள்ளப்பட மாட்டாது. பன்னிரண்டு பிள்ளைகளின் பாதுகாப்புக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். இதில் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது. கடைசிப் பயணத்தில் பந்தாய் கெராச்சுட் ஆமைப் பாதுகாப்பு மையத்துக்குக் காட்டு வழியாக நடந்து போகத் திட்டமிட்டிருக்கிறோம். சாலையோரத்தில் அமைதி காக்க முடியாவிட்டால் அங்கே கூட்டிப்போக எனக்கு மனம் வராது.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அந்த மலைப்பாதை வளைவு வளைவாக இருக்கிறது. அம்மா பக்கத்தில் இல்லாமல் ஒரு முழுநாள் வெளியே போவது சில பிள்ளைகளுக்கு இதுதான் முதல் முறை. காத்திருக்கும் நேரம் எவ்வளவு நீளம் என்பது இரண்டு பிள்ளைகளை வளர்த்த எனக்கும் தெரியும். அதனால் இனி தெலுக் பஹாங், பாலிக் பூலாவ், தெலுக் கும்பார் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் ஆசிரியை புலனக் குழுவில் படத்தோடு செய்தி அனுப்புவார். மருந்து சாப்பிடும் பிள்ளை, வாந்தி வரும் பிள்ளை, இருட்டுக்குப் பயப்படும் பிள்ளை என்று எதுவாக இருந்தாலும் முதல்நாளே சொல்லுங்கள், கூடுதலாகப் பார்த்துக்கொள்கிறோம்.

நீங்களும் பார்க்க ஆசைப்பட்டால் அதில் தவறே இல்லை. பள்ளி விடுமுறையில் பெற்றோர்களுக்கென்றே ஒரு சனிக்கிழமை ஒதுக்கலாம். பன்னிரண்டு பெற்றோர், அதே வேன், அதே பாதை. கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு நீங்களும் அந்தப் புல்லில் உட்கார்ந்து பாருங்கள். அலுவலகத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

தெலுக் பஹாங்கில் ஆசிரியை ஒரு வார்த்தை சொன்னதும் மறுபேச்சில்லாமல் காரைத் திருப்பிக்கொண்டு போன அப்பாவுக்கு நன்றி. நெகிழிப் பொட்டலம் சத்தம் போடும் என்று வாழையிலையில் பன்னிரண்டு பேருக்கும் இட்லி கட்டிக் கொடுத்த இரண்டு அம்மாக்களுக்கு நன்றி. கீறல் பட்ட மாணவியின் தாயாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கிளினிக் வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "அடுத்த வாரப் பிள்ளைங்க போவாங்கதானே சார்?"

போவார்கள். மூன்றாவது வேன் வரும் சனிக்கிழமை காலை 7 மணிக்குப் பள்ளி வாசலிலிருந்து புறப்படும். தொப்பி, தண்ணீர்ப் புட்டி, மூடி இறுக்கமான டப்பாவில் மதிய உணவு கொடுத்தனுப்புங்கள். மாலை 5 மணிக்கு வாசலில் வந்து அழைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்