அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 6000

அன்புள்ள முரளிக்கு,

நலம். வீட்டில் எல்லோரும் நலம். இத்தனை நாள் பதில் போடாததற்கு நேரில் வந்து திட்டிக்கொள். இப்போது வேறு அவசரம். எனக்கு எடிட்டிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுத்த கடையில், அதே பட்டியலை நீட்டி நீயும் ஒன்று வாங்கப் போவதாகச் செந்தில் சொன்னான். முன்பணம் கொடுப்பதற்குள் இதைப் படித்துவிடு.

என்னுடையது ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை ப்ராசசர். டிடிஆர்5 ரேம், 16 ஜிபி வீதம் நான்கு ஸ்டிக், அதாவது இரண்டிரண்டாக வரும் பெட்டியில் இரண்டு. பெட்டியின் மேல் ரேமின் வேகம் 6000 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கடைக்காரர் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) எக்ஸ்போவை, அதாவது ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் அமைப்பை, ஆன் செய்து, அந்த 6000-ஐத் திரையில் காட்டி, கை குலுக்கி அனுப்பிவைத்தார். அன்று முதல் தொல்லைதான். எக்ஸ்போர்ட் பாதியில் இருக்கும்போது நீலத் திரை வரும்; சில நாள் அதுகூட வராமல் தானே ரீஸ்டார்ட் ஆகும். கடையில் சொன்னால் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டார்கள். பிறகு எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை பெட்டி, பழுது என்றார்கள். கடைசியில் "உங்க ஏரியா கரண்ட் சரியில்லை சார்" என்று ஒரு யூபிஎஸ்ஸையும் என் தலையில் கட்டினார்கள்.

துப்புக் கொடுத்தது அந்த நீலத் திரையேதான். டிரைவர் மென்பொருளில் கோளாறு என்றால் பெரும்பாலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். எனக்கோ ஒரு நாள் 'மெமரி மேனேஜ்மென்ட்', மறுநாள் 'ஐஆர்க்யூஎல்', அடுத்த முறை சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு ஃபைலின் பெயர் என்று மாறிக்கொண்டே இருந்தது. பயாஸில் எக்ஸ்போவை அணைத்தேன். ரேம் 3600-க்கு இறங்கியது. கோளாறு அடியோடு நின்றது. அதன் பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐப் பென்டிரைவில் ஏற்றி, எக்ஸ்போவை மறுபடி ஆன் செய்து ஓடவிட்டால் திரையில் சிவப்பு வரிகள் குவிந்தன. ஏதோ ஒரு ஸ்டிக் பழுது என்றுதான் நினைப்பாய். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் 6000-இல் சுத்தமாகத் தேறியது. ப்ராசசரிலிருந்து எண்ணினால் வரும் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் இரண்டு மட்டும் போட்டபோதும் தேறியது. நான்கையும் சேர்த்தால்தான் பிழை. அதிலும் ஏசி ஓடும் இரவில் சில சமயம் தேறிவிட்டு, உச்சி வெயிலில் தவறாமல் தோற்றது.

காரணம் ரேமில் இல்லை. ரேமுடன் பேசும் கன்ட்ரோலர் ப்ராசசருக்குள்ளே இருக்கிறது. ரேமுக்குப் போகும் ஒரே பாதையில் (சேனலில்) இரண்டு ஸ்டிக் தொங்கினால் சிக்னலின் சுமை கூடும். வேகம் கூடக்கூட அதைத் தெளிவாகப் படிப்பதற்கான இடைவெளி குறையும். இந்த ப்ராசசர் வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்வது, இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நான்கு என்றால் 3600. அதற்கு மேல் போவதெல்லாம் ஓவர்க்ளாக்கிங் கணக்கில்தான் வரும். எக்ஸ்போவும் சரி, இன்டெலின் எக்ஸ்எம்பியும் சரி, இந்த ஸ்டிக் இந்த வோல்டேஜில் இவ்வளவு ஓடும் என்று தயாரிப்பாளர் எழுதிவைத்த குறிப்பு. உன் ப்ராசசரும் மதர்போர்டும் அதற்கு ஒப்புக்கொள்ளும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. தனித்தனியாக வாங்கிய இரண்டு பெட்டிகளை, லேபிள் ஒன்றாகவே இருந்தாலும், யாரும் சேர்த்துச் சோதித்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கன்ட்ரோலருக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றினால் சரியாகும் என்று உன் மச்சான் யோசனை சொல்வார், அவரை எனக்குத் தெரியும். கேட்காதே. 2023-இல் இதே வரிசையில் சில ப்ராசசர்கள் கருகிப்போய், அந்த வோல்டேஜ் 1.3-ஐத் தாண்டாதபடி ஏஎம்டி பயாஸ் மூலம் கட்டுப்போட வேண்டியிருந்தது. பயாஸைப் புதுப்பித்துப் பார்ப்பது நல்லது; நானும் செய்தேன், பிழைகள் குறைந்தனவே தவிர ஒழியவில்லை.

இவ்வளவையும் நீட்டி எழுதுவது நீலத் திரைக்காக இல்லை, முரளி. கம்ப்யூட்டர் நின்றுபோனால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். திண்டுக்கல் கல்யாணத்தில் எடுத்த வீடியோ ஃபைல்களைக் கேமரா கார்டிலிருந்து காப்பி செய்தபோது அது நிற்கவே இல்லை. பிழைச் செய்தியும் இல்லை. ஆனால் மணப்பெண்ணின் தாத்தா ஆசி கூறும் காட்சியில் நடுவே பச்சைக் கட்டங்கள். அந்தப் பெரியவர் அடுத்த வாரமே காலமாகிவிட்டார். ரேமில் புரண்ட பிட் (0 என்பது 1 ஆனதோ, 1 என்பது 0 ஆனதோ) அப்படியே ஹார்டு டிஸ்க்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. டிடிஆர்5-இல் சிப்புக்குள்ளேயே பிழைதிருத்தம் உண்டு என்று விளம்பரம் சொல்லும். அது சிப்புக்கும் ப்ராசசருக்கும் இடையிலுள்ள வழியைக் காப்பதில்லை. கார்டு அழிக்கப்படாமல் இருந்ததால் மறுபடி எடுத்தேன். இல்லையென்றால் அந்தக் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இன்னும் யோசிக்கிறேன்.

ஆகவே உனக்கு நான் சொல்வது: 64 ஜிபி வேண்டுமென்றால், ஒரே பெட்டியில் வரும் 32 ஜிபி இரண்டாக வாங்கு, மதர்போர்டு தயாரிப்பாளர் சோதித்த ரேம்களின் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பார். எக்ஸ்போ போட்டதும் முதல் முறை திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கும். ரேமைப் பழக்கிக்கொள்கிறது, பதறிப்போய் ஸ்விட்சை அமுக்காதே. பிறகு கடையிலேயே ஓர் இரவு மெம்டெஸ்ட் ஓடட்டும். ஒரு பிழை வந்தாலும் 5600-க்கோ 5200-க்கோ இறக்கிவிடு. எடிட்டிங்கில் அந்த வித்தியாசம் உன் கண்ணுக்குப் படாது. விற்பவர் முகம் சுளித்தால் வேறு கடை பார்.

நான் கழற்றிவைத்த இரண்டு ஸ்டிக் சும்மா கிடக்கிறது. இன்று ரேம் விற்கும் விலைக்கு, கஞ்சனான நீ அதைக் கேட்பாய் என்று தெரியும். செந்திலின் அலுவலகக் கம்ப்யூட்டருக்கு என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அம்மாவின் கண் ஆபரேஷன் தேதி முடிவானதும் தெரிவி.

அன்புடன்,
பாஸ்கர்