கள்ளிப் பாலைச் சொல்லாமல் கள்ளி வளர்க்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அழகுக்காக வளர்க்கும் யூஃபோர்பியா, அதாவது கள்ளி இனச் செடிகளைப் பற்றிய குறிப்புகளில் பூவின் நிறமும் பராமரிப்பின் எளிமையும்தான் முன்னால் நிற்கின்றன. ஒடித்தால் வடியும் பாலைப் பற்றிய பேச்சு கடைசி வரிக்கு ஒதுங்கிவிடுகிறது, அல்லது வருவதே இல்லை. பூக்கும் முள்கிரீடச் செடி, பாயின்செட்டியா, கொம்புக்கள்ளி, சதுரக்கள்ளி எல்லாம் ஒரே பேரினம். எதை ஒடித்தாலும் பால் வடியும். பாயின்செட்டியாவில் அதன் வீரியம் குறைவு. கொம்புக்கள்ளியில் மிக அதிகம். தோலில் பட்டால் எரியும், கொப்புளிக்கும். கண்ணில் பட்டால் வலி ஏறிக்கொண்டே போய், பார்வை மங்கி, கருவிழியில் புண்ணாகவும் கூடும்.

ஆகவே கவாத்து செய்யும்போது, அதாவது கிளைகளை வெட்டிவிடும்போது, கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். உயரத்துக் கிளையை அண்ணாந்து பார்த்தபடி வெட்டவே கூடாது. பால் வெறும் தண்ணீரில் போகாது. காய்வதற்குள் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்தால் கசக்காமல், ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். முதலில் லேசாகத்தானே எரிகிறது என்று காத்திருப்பதுதான் ஆபத்து. வெட்டிய கிளைகளை எரிக்காதீர்கள், புகையும் கண்ணைத் தாக்கும்.

இனி வளர்ப்பு. போத்து, அதாவது வெட்டிய தண்டு, நடுவதற்கு 8 முதல் 10 செ.மீ. நுனித் தண்டு போதும். வெட்டு வாயைத் தண்ணீரில் முக்கினால் பால் நிற்கும். பிறகு நிழலில் ஒரு வாரம், தடித்த தண்டென்றால் இரண்டு வாரம் காய விடவும். பச்சை வெட்டோடு ஈரமண்ணில் நட்டால் அடி கருத்து அழுகிவிடும். போத்து பிழைக்காததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மண் கலவைக்குப் பருமணல் 2 பங்கு, மண் 1 பங்கு, மக்கிய உரம் 1 பங்கு. நட்ட முதல் வாரம் தண்ணீர் வேண்டாம்.

முள்கிரீடத்தில் இலை கொட்டினால் உடனே குடத்தைத் தூக்காமல் தண்டின் அடியை அழுத்திப் பாருங்கள், முள்ளும் பாலும் கையில் படாமல். கெட்டியாக இருந்து மண்ணும் காய்ந்திருந்தால் தாகம். மெத்தென்று இருந்தால் வேரழுகல். அப்போது தண்ணீர் ஊற்றுவது செடியைக் கொல்லும். நல்ல திசு தெரியும்வரை மேலே தள்ளி வெட்டி, அந்தத் துண்டைக் காயவைத்து மறுபடி நடுவதே வழி. பூ புதுத் தளிரில்தான் வரும் என்பதால், நல்ல வெயிலும் அளவான கவாத்தும் வேண்டும். தழைச்சத்தை (நைட்ரஜன் உரத்தை) அள்ளிப் போட்டால் இலைதான் மிஞ்சும்.

பாயின்செட்டியா வேறு ரகம். சிவப்பாகத் தெரிவது பூவைச் சூழ்ந்த இலைகள். அவை நிறம் மாற, 8 முதல் 10 வாரங்களுக்குத் தினமும் சுமார் 14 மணி நேரம் இடைவிடாத இருட்டு வேண்டும். இரவில் வாசல் விளக்கு விழும் இடத்தில் வைத்தால் பச்சையாகவே நிற்கும்.

செடி விற்பவர்கள் பலர் இவற்றை மொத்தமாகக் 'கேக்டஸ்' என்றே தவறான பெயரில் விற்கிறார்கள். தொட்டியில் இனத்தின் பெயரும், 'பால் கண்ணில் படக்கூடாது' என்ற எச்சரிக்கையும் ஒட்டியிருக்க வேண்டும். தங்கள் தோட்டப் பகுதியிலும் வளர்ப்பு முறைக்கு முன்பே அந்த எச்சரிக்கை வர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அலங்காரச் செடி வளர்ப்போர் சிலர்