யாழ் வாசல்

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

பேத்தியின் மெல்பேர்ன் பள்ளிக்கூடத்தில், மாணவரைப் போட்டிக் குழுக்களாகப் பிரிக்கும் இல்லத்தின் வரலாற்றை எழுதிவரச் சொன்னதையும், "அம்மாவின் இல்லம் எங்கே இருந்தது?" என்று அவள் உன்னைக் கேட்டதையும் படித்துச் சிரித்துக்கொண்டேன். இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகளில் மாணவர் தங்கிய வீடுகளே இல்லங்கள். அந்த முறை மிஷன் பள்ளிகள் வழியாக நம் நாட்டுக்கு வந்தபோது பெயர் வந்தது, வீடு வரவில்லை. நம் விபுலானந்தர் இல்லத்துக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது. ஆண்டுதோறும் விளையாட்டுப் போட்டிக்காகக் கம்பும் கிடுகும் கொண்டு மைதானத்தின் ஓரத்தில் எழும்பி, மறுநாளே பிரிக்கப்படும் கொட்டில்தான் அது.

நான் 1974இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோதே பச்சை நிறமும் யாழ்ச் சின்னமும் இருந்தன. நம் ஊர் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்த விபுலானந்த அடிகளார், பழந்தமிழரின் யாழ்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதிய 'யாழ் நூல்' 1947இல் அரங்கேறிய சில வாரங்களிலேயே மறைந்தவர் என்பதால், கொட்டிலின் வாசல் யாழ் வடிவில்தான் அமைய வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஒரு வருடம் நாங்கள் கட்டியது வீணையைப்போல் அமைந்துவிட, பொறுப்பாசிரியர் ஒரு சொல்லும் பேசாமல் நூலகத்திலிருந்து அந்தப் பெரிய புத்தகத்தைக் கொண்டுவந்து எங்கள் முன் விரித்து வைத்தார். எல்லாவற்றையும் அவிழ்த்து மூங்கிலை மறுபடி வளைத்தோம். பேரியாழுக்கு 21 நரம்பு வேண்டும். கையிலிருந்த தங்கூசி (நைலோன் நூல்) ஏழுக்குத்தான் காணும் என்பதால், ஏழு நரம்புச் செங்கோட்டியாழ் என்று சொல்லிச் சமாளித்தோம்.

மான் காவல் வேறெந்த ஊரிலும் இருக்காது என்றே நினைக்கிறேன். பிரட்றிக் கோட்டைப் பக்கத்து மான்கள் இரவில் மைதானத்துக்கு வந்து வாழையையும் மாவிலையையும் தின்று தீர்த்த ஆண்டிலிருந்து, போட்டிக்கு முதல்நாள் இரவு மேல்வகுப்பு மாணவர் அறுவர் கொட்டிலில் தங்குவது விதியாயிற்று. அரிக்கன் லாம்பு, வெறுந்தேநீர், பனங்கட்டி, விடியும்வரை கதை. ஒருமுறை கண்ணயர்ந்து விழித்தபோது, ஒரு கொம்பன் வாசலுக்குள் தலையை நுழைத்துத் தோரணத்தை மென்றுகொண்டு நின்றது. கொம்பு பட்டுத் தங்கூசி ஒன்று மெல்ல அதிர்ந்தது. அடிகளார் கேட்டிருந்தால் எந்தச் சுரம் என்று சொல்லியிருப்பார்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் இரவுக் காவல் நின்றது. உன் காலத்தில் பொழுதுபடுமுன் அலங்காரத்தின்மேல் அம்மாவின் பழைய சேலைகளைப் போர்த்திவிட்டு ஓடிவந்தீர்கள். மான்கள் சேலையையும் விடவில்லை.

இவ்வாண்டு இல்லத் தலைவன் வீட்டுக்கு வந்து பழைய வாசலின் அளவைக் கேட்டான். நீ ஒன்பதாம் வகுப்பில் அளந்து வரைந்த கொப்பி உன் பெட்டியோடு அங்கே வந்திருக்க வேண்டும். தேடி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. போட்டி மாசிக் கடைசியில்.

அன்புடன்,
அப்பா